பாறைக்கும் பலா மரத்துக்கும் நடுவே

கொட்டாம்பாடிக்கு வரும் தார்ச்சாலை, ஊர்க் கடைசியில் இருக்கும் டீக்கடை வரைக்கும் வந்து, இதற்கு மேல் என்னால் ஆகாது என்று உட்கார்ந்துவிடும். அங்கிருந்து மேற்கே ஏழு கிலோமீட்டர் காடு. காட்டுக்கு அந்தப் பக்கம் ஈச்சங்காடு. அங்கேயும் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு தார்ச்சாலை மூச்சு வாங்க மலையேறி வந்து, ஒரு சின்னப் பாலத்தின் மேல் நின்று எதிரே பார்த்துவிட்டு, அதோடு முடிந்துவிடும். இரண்டு சாலைகளும் இதுவரை ஒன்றையொன்று பார்த்ததில்லை. நடுவில் இருப்பது காப்புக்காடு. அதில் ரோடு போட வேண்டுமென்றால் இந்த மாவட்டம் அந்த மாவட்டத்தைக் கேட்க வேண்டும், இரண்டும் சேர்ந்து வனத்துறையைக் கேட்க வேண்டும், வனத்துறை கேட்க வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். யாரையும் கேட்காமல் போய் வந்துகொண்டிருப்பவை கரடிகள் மட்டும்தான்.

பஸ்ஸில் போகலாம். மலையிறங்கி, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று மாறி மாறி ஏறி, மறுபடி மலையேறினால் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். அதனால் கொட்டாம்பாடிக்காரர்களுக்கு ஈச்சங்காடு வெளிநாடு. அந்த ஊர்ப் பெண் இலக்கியாவை இளவரசன் கட்டிக்கொண்டு வந்தபோது, "ஃபாரின் பொண்ணு வந்துடுச்சு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இளவரசன் என்று பெயர் வைத்தவர்கள் ராஜ்யத்தைப் பற்றி யோசிக்கவில்லை. ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, நாலு ஆடு, சீசனில் கடுக்காய். ஆனாலும் வெளிநாட்டுச் சம்பந்தம் ராஜ குடும்பத்துக்குப் பொருத்தம்தான் என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொள்வான்.

சிரிப்பு நின்று பதினோரு மாதம் இருபத்து நாலு நாள் ஆகிறது. ஏனென்றால் அவன் மகள் அபிநயா அந்த ஏழு கிலோமீட்டருக்குள் பிறந்துவிட்டாள்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது வழக்கம். பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, மெதுவாக நடந்தே போய்விடலாம் என்று இலக்கியாதான் முடிவெடுத்தாள். துணைக்கு இளவரசனின் அக்கா பூமாலை. விடிகிற நேரத்தில் கிளம்பியவர்களுக்குப் பாதிக் காட்டில் வலி வந்துவிட்டது. "நேரம் பாக்கணும், வாட்ச்சைக் குடு" என்று இலக்கியா கையை நீட்ட, கழற்றிக் கொடுத்துவிட்டு, டவர் கிடைக்கும் என்று நம்பி ஒரு மேட்டின் உச்சிக்கு ஓடினான் இளவரசன். டவர் கிடைத்தது. 108 கிடைத்தது. ஒரு பெண் குரல் மரியாதையாகக் கேட்டது: "எந்த ரோடு சார்?"

"ரோடே இல்லீங்க."

"பக்கத்துல லேண்ட்மார்க் ஏதாச்சும் சொல்லுங்க சார்."

மேலிருந்து எட்டிப் பார்த்தான். கீழே பனிக்கு மேலே கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "பலா மரம்ங்க."

அவன் இறங்கி வந்தபோது பூமாலை அந்தப் பலா மரத்தடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். இலக்கியா மடியில் துணி மூட்டை போல ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

எங்கே பிறந்ததோ அந்த எல்லைக்குள்தான் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது சட்டம். கொட்டாம்பாடி வி.ஏ.ஓ. சிவசங்கர், காடு அந்தப் பக்கம் என்றார். ஈச்சங்காட்டு வி.ஏ.ஓ. ராமசாமி, காடு இந்தப் பக்கம் என்றார். இருவரும் சளைக்காமல் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள். தபாலில் போட்டால் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் சுற்றி ஒரு வாரம் கழித்து வரும் என்பதால், கடிதத்தை இளவரசனிடமே கொடுத்துவிட்டார்கள். தன் மகளைத் தங்கள் ஊரில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்ற கடிதங்களை, காட்டைக் கடந்து பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்த தபால்காரன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று அவனுக்குத் தோன்றும். அதிலும் ஒருமுறை மழையில் நனைந்துவிடக் கூடாது என்று கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறான்.

டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. பதினோராவது தடவையாகக் கொட்டாம்பாடி வி.ஏ.ஓ. ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"வர்ற வியாழக்கிழமையோட ஒரு வருஷம் முடியுது, தெரியும் இல்ல?" என்றார் சிவசங்கர். ரயில் நிற்கும் சின்னசேலத்துக்காரர், வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நல்ல மனிதர்தான். விதியைக் கண்டால் மட்டும் கொஞ்சம் பயந்துவிடுவார். "அதுக்குள்ள பதிஞ்சா தாலுகா ஆபீஸோட முடிஞ்சுடும். தாண்டிச்சுன்னா ஆர்.டி.ஓ. உத்தரவு, விசாரணை, சாட்சி. உன்னால அலைய முடியாது."

"இப்ப அலையாம இன்னா சார் பண்ணிக்கினு இருக்கேன்?"

"கோச்சுக்காத. பொறந்தது எங்க? அதை ஒழுங்கா சொல்லு."

"பலா மரத்துகிட்டங்க."

"பலா மரம் எந்தப் பக்கம்?"

"ஓடையாண்ட சார்."

"ஓடை எந்தப் பக்கம்?"

"சார், ஓடை ரெண்டு பக்கமும் ஓடுது. அது எந்த ஆபீஸ்லயும் கையெழுத்துப் போடலீங்க."

சிவசங்கர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லைக் கல் ஒண்ணு அங்கதான் எங்கியோ இருக்கு. ரெண்டு பேரும் நேர்ல நின்னு பாத்தா அஞ்சு நிமிஷ வேலை. யார் பாக்கறது?"

கோபத்தில் சொல்லிவிட்டார். ஆனால் இளவரசன் அதைக் கேட்டதும் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டான். பதினோரு தடவையாக அந்த ஆபீஸில் கேட்ட முதல் உருப்படியான வார்த்தை அது.

"நல்ல வேளை நீங்களே சொன்னீங்க சார். ஈச்சங்காட்டு சாரும் அதைத்தான் சொன்னாரு. திங்கக்கிழமை காலைல வர்றாரு."

இது பொய். இளவரசனுக்குப் பொய் சொல்லி அவ்வளவாகப் பழக்கமில்லை, அதனால் காது சூடாகிவிட்டது.

"யாரு, ராமசாமி சாரா? அவருக்கு முட்டி வலி ஆச்சே?"

"கம்பு ஊனிக்கினு வர்றாராம். நீங்கதான் வரமாட்டீங்கன்னாரு."

"நானா? ஏன்?"

"ரயிலு ஓடற ஊரு பையன், காட்டுக்குள்ள எங்க வரப்போறான், விடுன்னாரு சார். நான் சொல்லல, அவரு சொன்னாரு."

சிவசங்கர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே காட்டைப் பார்த்தார். பிறகு தன் ஷூவைப் பார்த்தார். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார்.

அன்று மதியமே இளவரசன் காட்டைக் கடந்து ஈச்சங்காடு போனான். ராமசாமி அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர். மேசைக்குக் கீழே முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ரயில் ஊர்ப் பேச்சு வேலைக்கு ஆகாது. வேறு தூண்டில் வேண்டும்.

"சிவசங்கர் சார் திங்கக்கிழமை எடத்தைப் பாக்க வர்றாருங்க ஐயா. உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னாரு. பெரியவரு, பாவம், முட்டி வலி. எல்லை எங்க இருக்குதுன்னு நானே பாத்து எழுதிடறேன்னு சொன்னாரு."

ராமசாமியின் கை முட்டியிலேயே நின்றுவிட்டது. "என் எல்லையை அவன் எழுதுவானா?"

"அப்படித்தாங்க சொன்னாரு."

"மூணு வருச சர்வீசு! மேப்பைத் தலைகீழாப் பிடிக்காம இருந்தாச் சரி. எத்தனை மணிக்குங்கறே?"

இலக்கியா அந்த வாரம் குழந்தையோடு அங்கே அம்மா வீட்டில்தான் இருந்தாள். களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு பேர்கிட்டயும் பொய்யா?" என்றாள்.

"ஆளுக்கு ஒண்ணுதான். ஜாஸ்தி சொல்லல."

"மாட்டிக்கினா?"

"மாட்டிக்கினா பலா மரத்து மேல ஏறி உக்காந்துக்கறேன். நீ திங்கக்கிழமை காலைல பெரிய சாரைக் கூட்டிக்கினு வந்துடு. வழியில அவர் திரும்பிடாம பாத்துக்கோ."

"அவரு திரும்பிடுவாரா? முன்னால வுட்டு நான் பின்னால நடக்கறேன்." குழந்தையின் வாயிலிருந்து சாமைத் தாளைப் பிடுங்கினாள். "என்னை ஏதாச்சும் கேப்பாங்களா?"

"உன்னை எதுக்கு? நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். இந்த விஷயத்தில் அவள் அதிகம் பேச மாட்டாள். மலையில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று வாத்தியார் போட்ட தேதி. இளவரசனுக்கும் ஜூன் ஒன்றுதான், அவன் கூடப் படித்த பதினாலு பேருக்கும் அதே. ஒரே நாளில் பிறந்த பதினைந்து பேர், ஒரு கேக்கில் முடிந்துவிடும் என்று அவன் கிண்டலடிப்பான். இலக்கியா அதற்கு மட்டும் சிரித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று ஆகி, சாதிச் சான்றிதழ் அதில் மாட்டிக்கொண்டு, அது கைக்கு வந்தபோது அவளுக்குக் கிடைக்க இருந்த நர்சிங் சீட்டு வேறு யாருக்கோ போய்விட்டது. அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து பெட்டியில் வைத்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை எடுத்துக் காட்டினாள். "இது வந்தது ஒன்பது நாள் லேட்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பெட்டியைத் திறந்ததில்லை.

"திங்கக்கிழமை ஏழு மணிக்குக் கெளம்பிடறேன்" என்று முறத்தை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சிவசங்கர் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். தோளில் பை, பைக்குள் மேப், படிவம், ஸ்டாம்ப் பேடு, தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் பிஸ்கட். பூமாலை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார் கல்யாணத்துக்குப் போறாரா, காட்டுக்கு வர்றாரா?"

"அக்கா, சும்மா இரு" என்றான் இளவரசன்.

"நான் இன்னா தப்பா கேட்டேன்? ஷூ நல்லா கீதுன்னு சொல்றேன்."

முதல் கிலோமீட்டரில் சிவசங்கர் விதிகளைப் பற்றிப் பேசினார். இரண்டாவதில் பேச்சு குறைந்தது. மூன்றாவதில் பனி இறங்கி, முன்னால் போகும் பூமாலையின் முந்தானை மட்டும் தெரிந்தது. ஒரு இடத்தில் அவர் நின்று, "இது இன்னா?" என்று கீழே காட்டினார்.

"கரடிச் சாணிங்க."

"பழசா?"

பூமாலை குனிந்து பார்த்தாள். "ஆவி வருது சார்."

அதற்குப் பிறகு சிவசங்கர் நடுவில் நடந்தார். ஓடையைக் கடக்கும்போது ஷூ பாசிக்கல்லில் வழுக்கி, இளவரசன் இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொள்ள, பிஸ்கட் பாக்கெட் மட்டும் தண்ணீரோடு போய்விட்டது. அது எந்த மாவட்டத்துக்குப் போனது என்று யாரும் கேட்கவில்லை.

ஓடையைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும் ஒரு யானை படுத்திருப்பது போல் பெரிய பாறை. பாறையைத் தாண்டி முப்பது தப்படி மேற்கே அந்தப் பலா மரம். மரத்தடியில் ராமசாமி கம்பை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இலக்கியா. ஏழு கிலோமீட்டரில் பாதியைக் கடந்து வந்த பெரியவரின் முகத்தில் வலியை விடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

"வாங்க தம்பி. எல்லையை எழுத வந்தீங்களாமே?"

"நானா சார்? நீங்க வர்றீங்கன்னு சொன்னதாலதான் நான் வந்தேன்."

"நான் சொன்னனா? நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதாலதானே நான் வந்தேன்!"

"ரயிலு ஓடற ஊரு பையன்னு நீங்க..."

"முட்டி வலிக் கெழவன்னு நீங்க..."

இருவரும் ஒரே நேரத்தில் இளவரசன் பக்கம் திரும்பினார்கள். இளவரசன் பலா மரத்தை அண்ணாந்து பார்த்தான். ஏறுவதற்குக் கொஞ்சம் உயரம்தான்.

"வந்தது வந்துட்டீங்க" என்றாள் இலக்கியா. "எடத்தைப் பாத்துடுங்க சார்."

அதில் எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லை. இரண்டு மேப்புகளும் பாறை மேல் விரிக்கப்பட்டன. மேப்பின்படி எல்லைக் கல் அந்தப் பாறைக்கும் பலா மரத்துக்கும் நடுவே எங்கோ இருக்க வேண்டும். கல்லுக்குக் கிழக்கே கொட்டாம்பாடி, மேற்கே ஈச்சங்காடு. கால் மணி நேரம் புதர்புதராகத் தேடினார்கள். கல் இல்லை. சிவசங்கர் செல்போனை எடுத்துப் பார்த்தார். சாம்பல் நிறத் திரையில் நீலப் புள்ளி ஒன்று ஒரு நிமிடம் இந்த மாவட்டத்திலும் அடுத்த நிமிடம் அந்த மாவட்டத்திலும் குதித்துக்கொண்டிருந்தது.

"சரி, கல்லை அப்புறம் பாப்போம். கொழந்தை பொறந்த எடத்தைக் காட்டு" என்றார் ராமசாமி.

பூமாலை பலா மரத்தின் வேர்ப்பக்கம் கூட்டிப் போனாள். புல்லை விலக்கினாள். முழ உயரத்துக்குச் சதுரமான கல் ஒன்று, உடம்பெல்லாம் மஞ்சளும் நடுவில் குங்குமமுமாக, அம்மன் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"இங்கதான் சார் நஞ்சுக்கொடியைப் பொதைச்சேன். நரி தோண்டிடக் கூடாதுன்னு மேல கல்லு வெப்போம், அது எங்க வூட்டு வழக்கம். வருஷம் முடியற அப்போ புள்ளையைத் தூக்கியாந்து இந்தக் கல்லு மேல நிக்க வெக்கணும்."

சிவசங்கர் குனிந்து பார்த்தார். கைக்குட்டையால் கல்லின் தலையைத் துடைத்தார். மஞ்சளுக்கு அடியில் ஒரு கூட்டல் குறி. பக்கவாட்டில் துடைத்தார். ஒரு எண்.

"ராமசாமி சார்..." என்றார். "இது நம்ம கல்லு."

பெரியவர் முட்டி வலியை மறந்து மண்டியிட்டுவிட்டார். "ஏம்மா! இந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தே?"

"அதோ, அந்தக் குழியாண்ட" என்று பூமாலை பாறைப் பக்கமாகக் கை காட்டினாள். பாறைக்கும் மரத்துக்கும் சரிபாதியில், செடி மூடிக் கிடந்த பள்ளம். "மழைக்குப் பாதி சாஞ்சு கெடந்துச்சு. யாருக்கும் வேணாம்னு கெடக்குது, நல்லா சதுரமா செதுக்கி வெச்சிருக்காங்க, இவ்ளோ நல்ல கல்லை வுட்டுட்டுப் போவானேன்னு தூக்கியாந்துட்டேன்."

"இது அரசாங்கக் கல்லும்மா! ரெண்டு மாவட்டத்துக்கு எல்லை!"

"அப்ப ஒழுங்கா நட்டு வெச்சிருக்கணும் இல்ல?"

எல்லைக் கல்லை நகர்த்துவது குற்றம் என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அப்படியென்றால் மழையை முதலில் பிடியுங்கள், நான் அப்புறம் வருகிறேன் என்றாள் பூமாலை. இளவரசன் கல்லையே பார்த்தான். பதினோரு மாதமாக எல்லை எங்கே எல்லை எங்கே என்று இரண்டு ஆபீஸ் வாசலிலும் கிடந்திருக்கிறான். எல்லை, அவன் மகளின் நஞ்சுக்கொடி மேல் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அக்காவை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு மகளுக்குச் சான்றிதழ் வாங்கிய தம்பி என்று டீக்கடையில் பேசுவார்கள். அதுவும் சான்றிதழ் கிடைத்தால்.

"சார், இப்ப பாப்பா எந்த ஊரு?" என்று கேட்டான்.

"கல்லைப் பழைய குழியில வெச்சா இந்த மரம் மேற்கே வருது. அப்ப ஈச்சங்காடு" என்றார் சிவசங்கர் சட்டென்று.

"வெச்சா! யாரு வெக்கறது? கல்லு நகர்ந்திருக்குன்னு சர்வே ஆபீசுக்கு எழுதணும், அவங்க ரெண்டு பக்கமும் அளக்கணும். இப்ப கல்லு இருக்கற எடத்துலதான் எல்லை இருக்கு. கொழந்தை கோட்டு மேல பொறந்திருக்கு. கோட்டு மேல பொறந்ததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"அளக்க எத்தனை நாள் ஆவுங்க ஐயா?"

"ஆறு மாசம். சீக்கிரமாப் பாத்தா."

இன்னும் இருப்பது மூன்று நாள். இளவரசன் மரத்தில் சாய்ந்தான். இரண்டு ஆபீஸுக்கும் நடந்தான், பொய் சொன்னான், கரடிச் சாணி வழியாக ஒரு அரசாங்க அதிகாரியைக் கூட்டி வந்தான். கடைசியில் தன் கையாலேயே விஷயத்தை இருந்ததை விட மோசமாக்கிவிட்டான். இந்த ஒரு வேலையில் மட்டும் அவனை அடிக்க ஆள் இல்லை.

"இல்ல சார்" என்று நிமிர்ந்தான். "நான் இந்த எடத்தை வுட்டு நகர மாட்டேன். உங்களையும் வுட மாட்டேன். இந்தக் கல்லை நான் எடுத்துப் பழைய குழியில நடறேன். குத்தம்னா என் மேல எழுதுங்க. அக்கா மேல வேணாம். ஆனா பாப்பாவை ரெண்டுல ஒரு ஊர்ல எழுதிட்டுத்தான் போவணும்."

"எதுக்கு மாமா கத்தற?" என்றாள் இலக்கியா. அதுவரை அவள் கல்லையும் குழியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்க எல்லாரும் எதுக்கு இந்தக் கல்லைச் சுத்திக்கினு நிக்கறாங்க?"

"பாப்பா பொறந்த எடம் இதுதானே?"

"யாரு சொன்னது?"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"கொடியைப் பொதைச்ச எடம் இது. நான் பெத்தது அங்க" என்று பாறையைக் காட்டினாள். "ஒட்டினாப்புல கெழக்குப் பக்கம் ஒரு மடிப்பு இருக்கு பாருங்க. ஈரம் இல்லாம இருந்துச்சு, அதுலதான் அண்ணி துணி விரிச்சாங்க. எல்லாம் ஆனப்புறம்தான் இந்த மரத்துக்கு வந்தோம்."

"ஆமா சார்" என்றாள் பூமாலை. "பாறையில பொதைக்க முடியுமா? மண்ணு இங்கதான் இருந்துச்சு."

ராமசாமி மெல்ல இளவரசனைப் பார்த்தார். "பலா மரம், பலா மரம்னு பதினோரு மாசமா நீ சொன்னது?"

இளவரசனுக்கு மேட்டின் உச்சியும், மரியாதையான அந்தப் பெண் குரலும் ஞாபகம் வந்தன. லேண்ட்மார்க் கேட்டார்கள், கொடுத்தான். இறங்கி வந்ததும் அக்கா மரத்தடியில் நின்றாள். கொடி புதைத்த இடம்தான் பிறந்த இடம் என்று அவன் வீட்டில் எல்லோரும் எப்போதும் சொல்வார்கள். அதற்கு மேல் அவன் யாரையும் கேட்கவில்லை. முக்கியமாக, அங்கே இருந்த ஒருத்தியைக் கேட்கவில்லை.

"நீ ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"நீ எடத் தகராறுன்னு சொன்ன. காடு யாருதுன்னு சண்டை போலன்னு நெனச்சேன். பலா மரத்துல பெத்தேன்னு நீ சொல்லிக்கினு திரிஞ்சது எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை கூடக் கேட்டேன், என்னை ஏதாச்சும் கேப்பாங்களான்னு."

அவன் போய்ப் பாறையின் மடிப்பைக் குனிந்து பார்த்தான்.

சிவசங்கர் பாறைக்கும் குழிக்கும் நடுவே காலால் அளந்து நடந்தார். பதினைந்து தப்படி. ராமசாமி கம்பால் அளந்தார். அவருக்கும் பதினைந்துதான் வந்தது. கல் குழியில் இருந்தாலும் சரி, மரத்தடியில் இருந்தாலும் சரி, ஆறு மாதம் கழித்து யார் வந்து அளந்தாலும் சரி, பாறை கிழக்கே. கொட்டாம்பாடி.

"தம்பி, வாழ்த்துகள். பெண் குழந்தை" என்றார் ராமசாமி.

சிவசங்கர் மறுப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று மேப்பை இன்னொரு முறை பார்த்தார். இல்லை. அதில் அவருக்கே ஒரு நிம்மதி வந்தது போல் இருந்தது. பாறை மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். ராமசாமி, இடத்தை நேரில் பார்த்ததாகவும் அது தன் எல்லையில் இல்லை என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கல் மழையில் சாய்ந்ததாக இருவரும் ஒப்புக்கொண்டு, இரண்டு ஊர் அலுவலர்கள் முன்னிலையில் அது பழைய குழியிலேயே நடப்பட்டதாகச் சர்வே ஆபீஸுக்கு எழுதவும் முடிவு செய்தார்கள். சாய்ந்த பிறகு அது எப்படிப் பதினைந்து தப்படி நடந்தது என்று யாரும் எழுதவில்லை.

ஆனால் பூமாலை கல்லைத் தொட விடவில்லை. "முதல்ல புள்ளை நிக்கணும்" என்றாள். அபிநயாவைத் தூக்கிக் கல் மேல் நிறுத்தி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாவட்டத்தையும் காலடியில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை ராமசாமியின் கம்பைப் பிடுங்கப் பார்த்தது. அதன் பிறகு இளவரசனும் சிவசங்கரும் கல்லைத் தூக்கிக் குழியில் இறக்கி மண் தள்ளினார்கள். திரும்பிப் பார்த்தால், ராமசாமி ஓடையிலிருந்து ஒரு உருண்டைக் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார்.

"கொடி மேல வெறுமனே விட முடியுமா? நரி தோண்டிரும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

சிவசங்கர் படிவத்தைப் படித்துக் காட்டினார். "குழந்தையின் பெயர் அபிநயா. பிறந்த இடம், கொட்டாம்பாடி கிராமம், ஓடைப் பாறை. பிறந்த தேதி பதினெட்டு, பன்னெண்டு, ரெண்டாயிரத்து இருபத்தி நாலு."

"தேதியை இன்னொரு தடவை படிங்க சார்" என்றாள் இலக்கியா.

படித்தார். அவள் உதடு சத்தமில்லாமல் கூடவே அசைந்தது.

"நேரம்?"

"நேரத்துக்குக் கட்டம் இல்லம்மா."

"ஓரத்துல எழுதுங்க. காலைல பத்தே கால். இவரு வாட்ச் என் கையிலதான் இருந்துச்சு."

சிவசங்கர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். விதியில் அதற்கு இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார். இலக்கியா அதை எட்டிப் பார்த்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, குழந்தையை இடுப்புக்கு ஏற்றினாள்.

பெரியவரை விட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் மேற்கே போனாள். மற்றவர்கள் கிழக்கே இறங்கினார்கள். நாளை முதல் பஸ்ஸில் படிவம் தாலுகா ஆபீஸுக்குப் போயாக வேண்டும். ஓடையோரம் வந்ததும் இளவரசன் சிவசங்கரின் தோளிலிருந்த, படிவம் வைத்த பையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினான்.

பின்னால் ஷூ வழுக்கும் சத்தம் கேட்டது. "இளவரசா! கை குடுய்யா!"

"அக்கா இருக்காங்க சார், பிடிச்சுக்கோங்க" என்றான் இளவரசன், திரும்பிப் பார்க்காமல். அவன் கை இரண்டும் மேலேயே இருந்தன.